கவலையும் கால்சியமும்

கல்யாண மண்டபத்தில் பார்த்திருப்பீர்கள், பரீட்சை ரிசல்ட் வருகிற நாளில் பார்த்திருப்பீர்கள், சாவு வீட்டில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று, “மூச்சு முட்டுதே!” என்பாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது என்பாள். விரல் நுனிகள் மரத்துப் போகும். கொஞ்ச நேரத்தில் இரண்டு கைகளும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்ப் புதைந்துகொள்ளும். பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி கையைக் குவித்து வைத்துக்கொள்வாளே, அந்த மாதிரி.

அவ்வளவுதான், மண்டபமே அங்கே கூடிவிடும். ஒருவர் இரும்புச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். இன்னொருவர் விரல்களைப் பிடித்துப் பலவந்தமாக நீட்டப் பார்ப்பார். “காத்து கருப்பு ஏதாவது இருக்குமோ?” என்று ஒரு பாட்டி கேட்பார். பின்வரிசையிலிருந்து யாரோ ஒருத்தி மெல்லிய குரலில் சொல்வாள்: “எல்லாம் நடிப்பு.”

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது.

எங்கள் தெருவில் ஒரு மருமகள். நாலு மாதக் கைக்குழந்தை. ராத்திரி தூக்கம் கிடையாது. கணவனுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் கடன்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போன பிறகு அவளுக்கு இப்படிக் கை இழுத்துக்கொண்டது. நர்ஸிங் ஹோமுக்கு அழைத்துப் போனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்து, கால்சியம் சரியாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவள் மாமியார் என்னிடம், “டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டாரு. வேலைக்குப் பயந்துக்கிட்டு கையை மடக்கிக்கிறா, பார்த்துக்கோங்க” என்றார். அந்தப் பெண்ணோ, “அக்கா, நானா மடக்கலை. பிரிக்கப் பார்க்கிறேன், பிரிய மாட்டேங்குது” என்று கண் கலங்கினாள்.

ரிப்போர்ட்டும் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சீட்டுப் பணமும் சில்லறையும்

வளர்ந்த மனித உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும்தான். மீதமுள்ள ஒரு பங்குதான் ரத்தத்திலும் சதையிலும் நரம்பைச் சுற்றியும் நடமாடுகிறது. நூறு மில்லி ரத்தத்தில் எட்டரையிலிருந்து பத்தரை மில்லிகிராம் வரை இருந்தால் சரி என்பது கணக்கு.

ஆனால் ரத்தத்தில் இருக்கிற அத்தனையும் வேலை செய்கிற கால்சியம் அல்ல. ஏறத்தாழ பாதி, ஆல்புமின் என்கிற புரதத்தோடும் வேறு சில பொருள்களோடும் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். மற்ற பாதிதான் தனித்து நிற்கும். நரம்புக்கும் தசைக்கும் இதயத்துக்கும் பயன்படுவது அந்தத் தனித்து நிற்கிற பாதி மட்டுமே. நம் வீட்டுக் கணக்கிலேயே பாருங்களேன். பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது என்றால், ஐயாயிரம் சீட்டில் போட்டிருப்போம், ஐயாயிரம் கையில் இருக்கும். பால்காரருக்குக் கொடுக்கக் கையில் இருப்பதுதானே உதவும்? சாதாரணமாக எடுக்கிற ரத்தப் பரிசோதனை, சீட்டுப் பணத்தையும் கையிருப்பையும் கூட்டி மொத்தத்தைத்தான் சொல்கிறது. கையிருப்பை மட்டும் தனியாக அளக்கிற பரிசோதனை வேறு. அதை எல்லா இடத்திலும் உடனே செய்வதில்லை.

இப்போது மூச்சுக்கு வருவோம். பயமோ கோபமோ துக்கமோ வந்தால் நரம்பு மண்டலம் உடம்பைத் தயார்ப்படுத்துகிறது. ஓட வேண்டும் அல்லது சண்டை போட வேண்டும் என்று அதற்கு நினைப்பு. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது. உண்மையிலேயே ஓடினால் அந்த மூச்சு முழுவதும் செலவாகிவிடும். நாமோ ஓடுவதில்லை. அடுப்படியிலோ கூடத்து மூலையிலோ உட்கார்ந்த இடத்திலேயே வேகவேகமாக மூச்சு வாங்குகிறோம். அதனால் ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. கரியமில வாயு கெட்ட காற்று, போனால் நல்லதுதானே என்று பள்ளிக்கூடப் பாடத்தை வைத்து நினைத்துவிடாதீர்கள். ரத்தத்தின் புளிப்பு சரியான அளவில் இருக்க அது வேண்டும். அது குறைந்தால் ரத்தம் காரத் தன்மைக்குச் சாய்கிறது. உடனே ஆல்புமினில் இடம் காலியாகி, தனித்து நின்ற கால்சியத்தில் ஒரு பகுதியை அது தன்னோடு இழுத்து ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் இருக்கிற பணம் அதேதான், ஆனால் கையில் இருந்த சில்லறை சீட்டுக்குப் போய்விட்டது. அதனால்தான் மொத்தக் கணக்கு ‘நார்மல்’ என்று வருகிறது, கையோ மடங்கிக்கொண்டு நிற்கிறது.

நரம்புக்கு வெளியே நிற்கிற கால்சியம் ஒரு வாசல் காவல்காரன் மாதிரி. தேவையில்லாமல் நரம்பு துள்ளாமல் பார்த்துக்கொள்ளும். காவல் குறைந்தால், யாரும் கூப்பிடாமலே நரம்பு தானாகச் செய்தி அனுப்ப ஆரம்பிக்கும். முதலில் உதட்டிலும் விரலிலும் குறுகுறுப்பு, பிறகு தசை இழுப்பு. கூடவே மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது. இதைப் பார்த்து அந்தப் பெண் இன்னும் பயப்படுகிறாள். பயத்தில் இன்னும் வேகமாக மூச்சு. இன்னும் கொஞ்சம் கால்சியம் போய் ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் பத்துப் பேர் நின்று கூச்சல் போட்டால் கேட்கவே வேண்டாம்.

இது மனசு பலவீனமானவர்களுக்கு மட்டும் வருவது என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1920-ல் அமெரிக்காவில் கிராண்ட், கோல்ட்மன் என்ற இருவர், ஆரோக்கியமானவர்களை வேண்டுமென்றே வேகமாக, ஆழமாக மூச்சு விடச் செய்து, இதே கை இழுப்பை வரவழைத்துக் காட்டி எழுதியிருக்கிறார்கள். கவலை, கடன், மாமியார் ஒன்றும் வேண்டாம். மூச்சு ஒன்றே போதும். அப்படியிருக்க இதை நடிப்பு என்று சொல்வது எவ்வளவு அநியாயம்!

குழாய்த் தண்ணீரும் காண்டாமிருகமும்

நரம்புக்கும் கால்சியத்துக்கும் இப்படி ஒரு சம்பந்தம் உண்டென்று கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, கரைசல் தயாரிக்கக் காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரைச் சேர்த்திருந்தார்கள் என்று. சுத்தத் தண்ணீரில் கரைசல் செய்து பார்த்தபோது துடிப்பு நின்றுபோயிற்று. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துதான் இதயத்தை ஓட்டியது என்று 1883-ல் அவர் எழுதினார். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து நாம் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதிலிருப்பதும் அதே கால்சியம்தான்.

காண்டாமிருகக் கதை அதற்கும் முந்தியது. லண்டன் மிருகக்காட்சி சாலையில் இருந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்று செத்துப்போக, ரிச்சர்ட் ஓவன் என்பவர் அதை அறுத்துப் பார்த்து, கழுத்தில் தைராய்டு சுரப்பியோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னச் சுரப்பியைக் குறித்து வைத்தார். 1850-ல் அதைப் பற்றிப் பேசினார். மனிதர் கழுத்திலும் அது உண்டு என்று 1880-ல் சுவீடன் நாட்டு மருத்துவ மாணவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ராம் எழுதினார். பாராதைராய்டு என்று பெயர். பெரும்பாலோருக்கு நாலு இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு அரிசி மணி அளவு. எதற்கு இருக்கிறது என்றுதான் தெரியாமல் இருந்தது. தைராய்டு ஆபரேஷன் செய்தவர்களில் சிலருக்குக் கைகால் இழுத்துக்கொள்வதற்கும் காரணம் புரியாமல் தவித்தார்கள். அமெரிக்காவில் மெக்கல்லம், வோக்ட்லின் என்ற இருவர், இந்தச் சுரப்பியை எடுத்துவிட்ட நாய்களுக்கு வந்த இழுப்பை, கால்சியம் ஊசி போட்டு நிறுத்திக் காட்டி 1909-ல் எழுதிய பிறகே விஷயம் தெளிவாயிற்று. ரத்தத்தில் கால்சியம் துளி குறைந்தாலும் இந்த அரிசி மணிகள் உடனே ஒரு ஹார்மோனை அனுப்பி எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும். அம்மா கையிருப்பு தீர்ந்ததும் அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுப்பது போலத்தான்.

ஆகவே தைராய்டு ஆபரேஷன் ஆனவர்களுக்கு விரல் மரத்துப் போனால் ‘கவலையால் வந்தது’ என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அங்கே நிஜமாகவே மொத்தக் கால்சியமும் குறைந்திருக்கலாம்.

பாலூட்டும் தாய்மார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு டாக்டர் துரூசோ, இந்தக் கை இழுப்பைப் பாலூட்டும் பெண்களிடம் பார்த்துத்தான் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். மேல்கையை இறுக்கிக் கட்டினால் அதே மாதிரி கை குவிகிறது என்று அவர் கண்டதை இன்றும் டாக்டர்கள் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கட்டிச் சோதிக்கிறார்கள். தாய்ப்பாலில் தினமும் 200 முதல் 300 மில்லிகிராம் கால்சியம் குழந்தைக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி தாயின் எலும்பிலிருந்து வருகிறது. இதைக் கேட்டுப் பயந்து தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்! பால் மறக்கடித்த பிறகு சில மாதங்களில் எலும்பு தன் சத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. மாடு வைத்திருக்கிற வீடுகளில் இதன் பெரிய உருவத்தைப் பார்த்திருப்பார்கள். நிறையப் பால் கறக்கிற பசு கன்று போட்ட ஓரிரு நாளில் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும். கால்நடை டாக்டர் வந்து கால்சியம் ஏற்றினால் எழுந்து நிற்கும். பசுவுக்கு வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுகிறோம், பாலூட்டுகிற மருமகளுக்கு வந்தால் நடிப்பு என்கிறோம். சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

முதலில் கூட்டத்தை விலக்குங்கள். அவளுக்குப் பிடித்தவர், பதறாதவர், ஒரே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். “ஒண்ணும் ஆகாதும்மா, கை தானா பிரிஞ்சிடும், என்கூடச் சேர்ந்து மூச்சு விடு” என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். ‘நல்லா இழுத்து மூச்சு விடு’ என்று சொல்லவே கூடாது. அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது போல. மூக்கால் மெதுவாக இழுத்து, சூடான காப்பியை ஆற ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து நிதானமாக வெளியே விடச் சொல்லுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். கை வயிற்றின் மேல் இருந்தால் நல்லது, நெஞ்சு தூக்காமல் வயிறு தூக்குகிறதா என்று தெரியும். மூச்சு அடங்கினால் கால் மணி, அரை மணிக்குள் விரல்கள் இளகிவிடும். விரலை இழுத்து நீட்டுவது வேண்டாம், வலிதான் மிஞ்சும். சாவிக்கொத்தும் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், புரையேறிவிடும்.

முன்பெல்லாம் காகிதப் பையை மூக்கு வாயில் பிடித்து அதற்குள்ளேயே மூச்சு விடச் சொல்வார்கள். போன கரியமில வாயு திரும்பி வரும் என்று கணக்கு. இப்போது அதை வேண்டாம் என்கிறார்கள். மூச்சு வாங்குவதற்குக் காரணம் இதயமோ நுரையீரலோ ஆக இருந்து, நாம் பையைப் பிடித்து இருக்கிற பிராண வாயுவையும் குறைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் முதல் தடவை வந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறேன். பிரசவமாகிச் சில நாட்கள், வாரங்களுக்குள் ஒரு பெண்ணுக்குத் திடீரென்று மூச்சு வாங்கினால் அது நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்ததாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறினாலும் இப்படி ஆழமாக மூச்சு வாங்கும். நெஞ்சு வலி, உதடு நீலம் பாரிப்பது, நினைவு தப்புவது, நாக்கைக் கடித்துக்கொள்வது, இவையெல்லாம் வேறு கதை. கவலையால் வருகிற இழுப்பில் பெரும்பாலும் நினைவு இருக்கும், கூப்பிட்டால் பதில் சொல்வாள். இதை வலிப்பு நோய் என்று தவறாக முத்திரை குத்தினால் கல்யாணமாகாத பெண்ணுக்கு அது எத்தனை கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூச்சால் வந்ததற்குக் கால்சியம் ஊசி அவசியமில்லை. ஊசி போட்டதும் உடம்பெல்லாம் சூடாக ஓடுவதால், ஏதோ பெரிய மருந்து உள்ளே போன திருப்தி சிலருக்கு. அந்தக் கால் மணி நேரத்தில் மூச்சும் அடங்கியிருக்கும், பெயர் ஊசிக்குப் போய்விடும்!

நாள்பட்ட கவலை

இதுவரை சொன்னது நிமிஷத்தில் வந்து நிமிஷத்தில் போவது. இதில் எலும்பு கரைவதில்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மனசில் பாரம் இருந்தால் எலும்புக்கு என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி.

கவலை நீடிக்கும்போது மூளையின் கட்டளைப்படி, சிறுநீரகத்தின் தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைக் கூடுதலாக விடும். இது ரொம்ப அதிகமானால் குடல் கால்சியத்தை இழுத்துக்கொள்வது குறையும், சிறுநீரில் போவது கூடும், எலும்பைக் கட்டுகிற செல்களும் சோம்பிவிடும். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க டாக்டர் 1932-ல் விவரித்த நோயில், இந்த ஹார்மோன் மிதமிஞ்சி எலும்புகள் மெலிந்து உடைவதைக் காணலாம். மூச்சிரைப்புக்கும் மூட்டு வாதத்துக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அவர்கள் மாத்திரையைத் தாங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, எலும்பைக் காப்பதற்கு டாக்டரிடம் யோசனை கேட்க வேண்டும்.

குடும்பக் கவலையில் சுரப்பது அந்த அளவுக்கு இல்லை. கவலைப்பட்டால் எலும்பு உடைந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனால் நெடுநாள் மனச்சோர்வில் இருப்பவர்களின் எலும்பு அடர்த்தி சற்றுக் குறைவாக இருப்பதை ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள். 2002-ல் ஜெரார்ட் கார்சென்டி என்பவரின் குழு, எலிகளில் மூளையிலிருந்து நரம்பு வழியாகவே எலும்பு வளர்ச்சியை அடக்குகிற கட்டளை போகிறது என்று காட்டியது. எலிக்கு நடப்பது அப்படியே நமக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாதுதான். இருந்தாலும் எலும்பு என்பது சும்மா நிற்கிற தூண் அல்ல, அதற்கும் நரம்போடு பேச்சு வார்த்தை உண்டு என்பது தெரிகிறது.

என்னைக் கேட்டால், நம் வீடுகளில் கவலை எலும்பைத் தொடுவது பெரும்பாலும் சமையலறை வழியாகத்தான். மனசு சரியில்லாத பெண் முதலில் விடுவது தன் சாப்பாட்டை. குழந்தைக்கும் கணவருக்கும் பாலைக் கொடுத்துவிட்டு, தனக்கு மிச்ச ரசமும் ஊறுகாயும். வெளியே போகப் பிடிக்காமல் வீட்டுக்குள்ளேயே கிடப்பதால் வெயிலும் படாது. வெயில் இல்லாமல் வைட்டமின் டி இல்லை. அது இல்லாவிட்டால் தின்கிற கால்சியமும் சரியாகச் சேராது. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு ஏறினால் ஆறு கிராம் உப்புக்குச் சுமார் 40 மில்லிகிராம் கால்சியம் சிறுநீரில் போய்விடும். காப்பியை எல்லோரும் திட்டுகிறார்கள். ஒரு கப்பினால் போவது சில மில்லிகிராம்தான், அதில் ஊற்றுகிற பாலே அதை ஈடுகட்டிவிடும். ஆனால் சாப்பாட்டுக்குப் பதிலாக நாலு டம்ளர் காப்பி என்றால் குற்றம் காப்பியுடையது அல்ல.

வயசுப் பெண்கள் விஷயத்தில் அம்மாக்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பரீட்சைக் கவலையிலோ ஒல்லியாக வேண்டும் என்ற ஆசையிலோ பட்டினி கிடந்து, மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லை என்றால், ‘படிப்பு டென்ஷன், தானா சரியாயிடும்’ என்று விட்டுவிடாதீர்கள். எலும்பைக் காக்கிற ஈஸ்ட்ரோஜன் அப்போது குறைந்திருக்கும். எலும்பு கட்டிக்கொள்கிற வயசே அதுதான்.

வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், பாலூட்டுகிறவளுக்கு 1200 என்று 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணக்குச் சொல்லியிருக்கிறது. ஒரு பெரிய டம்ளர், அதாவது 200 மில்லி பாலில் சுமார் 240 கிடைக்கும். தயிரும் மோரும் அதே வர்க்கம்தான். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350, முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். எள்ளில் ஏராளம், ஒரு உருண்டை எள்ளுருண்டையே நல்ல பங்கு தரும். நல்லெண்ணெயில் மட்டும் கிடையாது, சத்து பிண்ணாக்கோடு போய்விடும். பாலக்கீரையில் கால்சியம் இருந்தாலும் ஆக்சாலிக் அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெத்திலி மாதிரி முள்ளோடு தின்கிற மீன் ரொம்ப நல்லது.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்த்தே கொடுப்பார்கள், சேர்த்தே விழுங்கிவிடுகிறோம். கால்சியம் இரும்பைச் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். கால்சியத்தைச் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு ஒன்றாகப் பிரித்துச் சாப்பிடலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, நாலு மணி நேரம் கழித்துத்தான் கால்சியத்தைத் தொட வேண்டும்.